மூலையில் இடைவெளி: சுவர் கோணலா, வேலை கோணலா?

புது வீடு. வெள்ளைச் சுவரில் அழகான வெயின்ஸ்கோட்டிங். படம் எடுத்து இன்ஸ்டகிராமில் போட்டாச்சு. லைக்குகளும் வந்தாச்சு.

மாலையில் சுவர் விளக்கைப் போட்டதும்தான் கண்ணில் படுகிறது... மூலையில் கறுப்பாக ஒரு கோடு. இரண்டு மோல்டிங் சட்டங்கள் சேர வேண்டிய இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி!

என் தங்கை வீட்டில் இதுதான் நடந்தது. அவளும் அவள் கணவரும் வாங்கியது மறுவிற்பனைக்கு வந்த வீவக மெசோனெட். உள்ளேயே படிக்கட்டு உள்ள இரண்டு மாடி வீடு. வரவேற்பறை மூலையில் இடைவெளி. படிக்கட்டுச் சுவரிலோ இன்னும் மோசம், ஒரு சட்டமும் இன்னொரு சட்டத்தோடு ஒட்டவில்லை.

"சுவரே கோணல்மா, நான் என்ன பண்றது?" என்றார் குத்தகையாளர்.

"வேலைதான் கோணல். இதைச் சரிபண்ணாம மீதிப் பணம் கிடையாது" என்றாள் தங்கை.

யார் சொன்னது சரி? பதில் தெரியவேண்டுமென்றால், மூலை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மோல்டிங் எதற்கு?

அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. இரண்டு பரப்புகள் சேரும் இடத்தை மறைப்பதுதான் அதன் பழைய வேலை.

- கார்னிஸ்: சுவரும் உட்கூரையும் சேரும் இடத்தில்
- ஸ்கர்ட்டிங்: சுவரும் தரையும் சேரும் இடத்தில்
- வெயின்ஸ்கோட்டிங்: சுவரின் கீழ்ப்பாதியில் கட்டம் கட்டமாக ஒட்டப்படுவது

மற்ற குறைகளை மறைக்க வந்த சட்டம், சுவரின் கோணலை மட்டும் மறைக்காது. உண்மையைச் சொன்னால், அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் சுவராக இருந்தவரை அந்த மூலை 90 டிகிரியா 92 டிகிரியா என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

மூலை என்றால் 90 டிகிரிதானே?

வரைபடத்தில், ஆமாம். கட்டிய சுவரில், பெரும்பாலும் இல்லை.

கான்கிரீட் வார்க்கும்போதும் செங்கல் அடுக்கும்போதும் சிறு விலகல் வரும். அதன்மேல் சிமெண்ட் பூசும்போது மூலையில் பூச்சு சற்றுத் தடித்துவிடும். எந்தக் கட்டடமும் இதற்கு விதிவிலக்கு இல்லை.

சிங்கப்பூரில் கட்டுமானத் தரத்தை மதிப்பிட 1989-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது கான்குவாஸ் முறை. அதுகூடச் சிறு விலகலுக்கு இடம் கொடுக்கிறது. சுவர் செங்குத்திலிருந்து ஒரு மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் வரை சாயலாம். அதாவது 2.6 மீட்டர் உயரமுள்ள சுவரில் தரைக்கும் உட்கூரைக்கும் இடையே கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் அது தரமான சுவர்தான்!

இது தற்செயலாக வரும் கோணல். வேண்டுமென்றே கட்டப்படும் கோணலும் உண்டு:

- பக்கவாட்டில் சாய்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல்கள்
- மெசோனெட் வீடுகளின் படிக்கட்டுச் சுவர்
- தரைவீடுகளில் ஓட்டுக்கூரைக்கு அடியில் உள்ள மாடி அறை

இரண்டு வகைக் கோணலுக்கும் வைத்தியம் ஒன்றுதான். அளக்கணும். ஊகிக்கக் கூடாது.

2 டிகிரி பெரிய விஷயமா?

மூலை 92 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வழக்கம்போல் இரண்டு சட்டங்களையும் 45 டிகிரியில் வெட்டி வைத்தால், மொத்தம் 90 டிகிரிதான் நிரம்பும். மீதி 2 டிகிரி ஆப்பு வடிவ இடைவெளியாக நம்மைப் பார்த்துத் திறந்து நிற்கும்.

20 மில்லிமீட்டர் தடிமனுள்ள சட்டத்தில் அந்த இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர். அதே மூலையில் 80 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் கார்னிஸை மாட்டினால் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். சட்டம் பெரிதாகப் பெரிதாகப் பிழையும் பெரிதாகும்.

மூலை 88 டிகிரியாக இருந்தால்? சட்டங்களின் முன்பகுதிகள் முதலில் முட்டிக்கொள்ளும். இடைவெளி பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வெளிமூலையில் இது அப்படியே தலைகீழ்.

எப்படி அளப்பது?

தங்கை வீட்டுச் சண்டையைத் தீர்க்க அப்பா தம் நண்பர் ஒருவரை அழைத்து வந்தார். பல ஆண்டுகள் தச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பெரிய கருவிப் பெட்டியோடு வருவார் என்று பார்த்தால், அங்கிள் கேட்டது ஒரே ஒரு வெள்ளைக் காகிதம்!

வழி 1: காகிதம்

காகிதத்தை மூலையில் தரையோடு வைத்து, இரண்டு சுவர்களின் விளிம்பையும் பென்சிலால் அதில் குறித்துக்கொள்ளுங்கள். கோடுகளை நீட்டி, கோணத்தை வெட்டி எடுங்கள். பிறகு ஒரு கோடு மற்றொரு கோட்டின்மேல் சரியாகப் படியும்படி மடியுங்கள்.

அவ்வளவுதான். அந்த மடிப்புதான் நீங்கள் வெட்ட வேண்டிய கோணம். எண் தேவையில்லை, கணக்கும் தேவையில்லை. ரம்பத்தின் கத்தியை அந்த மடிப்புக்குப் பொருத்தினால் போதும்.

"மூலை எத்தனை டிகிரின்னு எனக்கு எதுக்கு? பாதி எதுன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார் அங்கிள்.

வழி 2: 60, 80, 100

பள்ளியில் படித்த பித்தகோரஸ் தேற்றம் கைகொடுக்கும் இடம் இது. மூலையிலிருந்து ஒரு சுவரில் 60 சென்டிமீட்டரிலும் மற்றச் சுவரில் 80 சென்டிமீட்டரிலும் குறியிடுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே நேராக அளந்து பாருங்கள்.

- சரியாக 100 சென்டிமீட்டர்: மூலை 90 டிகிரி
- 100-க்கு மேல்: 90-ஐவிட அதிகம்
- 100-க்குக் கீழ்: 90-ஐவிடக் குறைவு

ஒவ்வொரு 8 மில்லிமீட்டர் வித்தியாசமும் ஏறத்தாழ 1 டிகிரி. தங்கை வீட்டில் 101.7 சென்டிமீட்டர் வந்தது. அதாவது 92 டிகிரி. குத்தகையாளர் சொன்னது பொய்யில்லை, சுவர் கோணல்தான்!

வழி 3: டிஜிட்டல் கோணமானி

இரண்டு கைகளை விரித்துச் சுவரில் வைத்தால் திரையில் எண் வரும். வன்பொருள் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும்.

எந்த வழியாக இருந்தாலும் சட்டம் ஒட்டப்போகும் உயரத்திலேயே அளந்து பாருங்கள். தரையருகே 92 டிகிரி இருக்கும் மூலை, உட்கூரையருகே 90 டிகிரியாக இருக்கலாம். ஸ்கர்ட்டிங்குக்கு எடுத்த அளவு கார்னிஸுக்கு ஆகாது.

ரம்பத்தில் எந்த எண்?

பலர் தடுமாறும் இடம் இது. மைட்டர் ரம்பத்தில் நேராக வெட்டும் நிலைதான் 0. அதனால் மூலையின் கோணத்தை வெறுமனே பாதியாக்கி வைத்தால் தப்பாகப் போகும்.

சூத்திரம் சுலபம்: 180-லிருந்து மூலையின் கோணத்தைக் கழியுங்கள், வருவதை இரண்டால் வகுங்கள்.

- 88 டிகிரி மூலைக்கு: 46
- 90 டிகிரி மூலைக்கு: 45
- 92 டிகிரி மூலைக்கு: 44
- 120 டிகிரி மூலைக்கு: 30
- 135 டிகிரி மூலைக்கு: 22.5

90 டிகிரி மூலையில் மட்டும் பாதியும் 45, சூத்திரப்படியும் 45. அதனால்தான் அந்த ஒரு மூலையில் தப்பு வெளியே தெரிவதில்லை. 135 டிகிரி ஜன்னல் மூலைக்கு வந்ததும் மாட்டிக்கொள்வோம்.

எண் சரியாக இருந்தாலும் நல்ல சட்டத்தை எடுத்து உடனே வெட்டிவிடாதீர்கள். முதலில் இரண்டு துண்டுக் கழிவுகளில் வெட்டி மூலையில் வைத்துப் பாருங்கள். முன்னால் திறந்தால் அரை டிகிரி குறையுங்கள், பின்னால் திறந்தால் அரை டிகிரி கூட்டுங்கள். இது உள்மூலைக்கான கணக்கு. வெளிமூலை என்றால் மாற்றிச் செய்யுங்கள். பொருந்திய பிறகுதான் உண்மையான சட்டம்.

தச்சர்களின் ரகசியம்: வெட்டாமல் குடைவது

90 டிகிரிக்குப் பக்கத்தில் உள்ள உள்மூலைகளில் அனுபவமுள்ள தச்சர்கள் இன்னொரு வழியைப் பயன்படுத்துவார்கள். முதல் சட்டத்தை நேராக மூலைவரை கொண்டுபோய் முட்டவைப்பார்கள். இரண்டாவது சட்டத்தின் முனையை, முதல் சட்டத்தின் வளைவு நெளிவுக்கு ஏற்றாற்போலச் சிறிய ரம்பத்தால் குடைவார்கள். ஒன்று மற்றொன்றின்மேல் அச்சாகப் படியும்.

இதன் பெயர் கோப்பிங். மூலை ஓரிரு டிகிரி கூடக்குறைய இருந்தாலும் இணைப்பு பிளக்காது. ஆனால் 135 டிகிரி போன்ற விரிந்த மூலைகளுக்கு இது சரிப்படாது. அங்கே மைட்டர் வெட்டுதான்.

படிக்கட்டுச் சுவர்: செவ்வகம் செவ்வகமாக இருக்காது

இப்போது தங்கை வீட்டின் பெரிய பிரச்சினைக்கு வருவோம்.

சமதளத்தில் வெயின்ஸ்கோட்டிங் கட்டம் ஒரு செவ்வகம். நான்கு மூலைகளும் 90. படிக்கட்டோடு அது ஏறும்போது மேல்சட்டமும் கீழ்ச்சட்டமும் சாய்ந்துவிடும். பக்கச் சட்டங்கள் மட்டும் நேராக நிற்கும். செவ்வகம் இணைகரமாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. படியின் உயரம் 17.5 சென்டிமீட்டர், அகலம் 25 சென்டிமீட்டர் என்றால் படிக்கட்டின் சாய்வு 35 டிகிரி. அப்படியென்றால் ஒவ்வொரு கட்டத்திலும்:

- இரண்டு மூலைகள் 90 + 35 = 125 டிகிரி. ரம்பத்தில் 27.5
- இரண்டு மூலைகள் 90 – 35 = 55 டிகிரி. ரம்பத்தில் 62.5

27.5 பிரச்சினை இல்லை. 62.5 தான் தலைவலி! பெரும்பாலான மைட்டர் ரம்பங்கள் அவ்வளவு தூரம் திரும்பாது.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. 90-லிருந்து 62.5-ஐக் கழித்தால் 27.5. சட்டத்தை ரம்பத்தின் தடுப்புப் பலகையோடு ஒட்டி வைக்காமல், அதற்குச் செங்குத்தாக ஒரு சதுரக் கட்டையைக் கவ்விமூலம் இறுக்கி, சட்டத்தை அந்தக் கட்டையோடு ஒட்டி வைக்க வேண்டும். ரம்பம் 27.5-இலேயே இருக்கும், வெட்டு 62.5 ஆகிவிடும். சிறிய துண்டைக் கையால் மட்டும் பிடித்து வெட்டக் கூடாது. கட்டையோடு சேர்த்து இறுக்குவது விரல்களைக் காப்பாற்றும்.

தங்கை வீட்டில் படிக்கட்டுச் சட்டங்களைக் கண்ணளவில் வெட்டி, இடைவெளியில் புட்டி அடைத்திருந்தார்கள். அங்கிள் விரலால் தடவியதும் அது உதிர்ந்தது. "இது சுவர் தப்பில்ல" என்றார்.

சாய்ந்த உட்கூரையில் கார்னிஸ் மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் இதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

கார்னிஸ் சுவரோடு தட்டையாக ஒட்டுவதில்லை. சுவருக்கும் உட்கூரைக்கும் நடுவே சாய்ந்து நிற்கும். கடைகளில் கிடைக்கும் பல கார்னிஸ்கள் சுவரிலிருந்து 38 அல்லது 45 டிகிரி சாயும்படி செய்யப்பட்டவை. அதனால் வெட்டும் இரண்டு பக்கமாகச் சாய வேண்டும். 38 டிகிரி கார்னிஸைப் படுக்கவைத்து, சாதாரண 90 டிகிரி மூலைக்கு வெட்டுவதற்கே ரம்பத்தின் மேசை 31.6 டிகிரி திரும்ப வேண்டும், கத்தி 33.9 டிகிரி சாய வேண்டும். நேரான அறையிலேயே இவ்வளவு!

கூரை 30 டிகிரி சாய்ந்த மாடி அறையை நினைத்துப் பாருங்கள். தாழ்வான சுவரும் உட்கூரையும் சேரும் கோணம் 120. உயரமான சுவரில் அது 60. 90 டிகிரிக்காகச் செய்த கார்னிஸ் இரண்டு இடத்திலும் சரியாக உட்காராது. பின்னால் ஆப்புப்பட்டை கொடுக்க வேண்டும், அல்லது அதன் முதுகை இழைத்துச் சீவ வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், கிடையாக ஓடும் கார்னிஸ் மூலையில் திரும்பிச் சாய்வாக ஏறும் இடம். அங்கே இரண்டு சட்டங்களின் குறுக்குவெட்டு வடிவங்களும் ஒன்றோடொன்று பொருந்தாது. எத்தனை முறை வெட்டினாலும் ஒரே வெட்டில் அவை சேராது. ரம்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, வடிவக்கணிதம் அப்படி.

என்ன செய்யலாம்?

- இரண்டுக்கும் நடுவே ஆப்பு வடிவச் சிறுதுண்டு ஒன்றை வைத்து, திருப்பத்தை இரண்டு கட்டமாகப் பிரிக்கலாம்
- மூலையில் அலங்காரக் கட்டை ஒன்றை வைத்து, இரண்டு சட்டங்களையும் அதில் முட்டி நிறுத்தலாம்
- கார்னிஸுக்குப் பதிலாகத் தட்டையான பட்டையைப் பயன்படுத்தலாம். அதில் ஒரு பக்கச் சாய்வு மட்டுமே என்பதால் வெட்டுவது எளிது
- சாய்ந்த பகுதியை அப்படியே விட்டுவிட்டு, அறை முழுதும் ஒரே உயரத்தில் கிடையாக ஒரு சட்டம் ஓட்டலாம்

கடைசி வழியைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். சாய்ந்த கூரையே அந்த அறைக்கு ஓர் அழகுதானே!

எந்தப் பொருள்? எந்தப் பசை?

நம் ஊர்ப் புழுக்கத்தில் இதையும் யோசிக்க வேண்டும்.

- எம்டிஎஃப்: விலை குறைவு, வெட்டுவது எளிது. தண்ணீர் பட்டால் ஊதிவிடும். குளியலறை வாசலுக்கும் சமையலறைக்கும் வேண்டாம்
- பிவிசி, பாலியூரித்தேன்: ஈரத்துக்குப் பயமில்லை. வளைந்த சுவர்களுக்கென்றே வளையும் பாலியூரித்தேன் சட்டங்களும் கிடைக்கின்றன
- ஜிப்சம் கார்னிஸ்: உட்கூரைக்கு அழகு. ஆனால் முனை எளிதில் உடையும்

கடைசியில் மிஞ்சும் மெல்லிய கோட்டை அடைக்க, மேலே சாயம் பூசக்கூடிய அக்ரிலிக் சீலன்ட் வாங்குங்கள். சாதாரண சிலிகானில் சாயம் ஒட்டாது. அடைக்கலாம் என்பதற்காக எதையும் அடைக்கலாம் என்று இல்லை. மயிரிழைக் கோடு என்றால் சீலன்ட். காசு நுழையும் இடைவெளி என்றால் மறுபடியும் வெட்டணும்.

வீவக வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

வீட்டுக்குள் உள்ள பாம் ஷெல்ட்டரின் சுவர் சாதாரணச் சுவர் இல்லை. குடிமைத் தற்காப்பு அடைக்கலச் சட்டத்தின்கீழ் அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அதில் துளையிடும் முன் விதிமுறைகளைப் பாருங்கள். கதவைத் தடையின்றித் திறந்து மூட முடியவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

நேரமும் முக்கியம். வீவக வீடுகளில் புதுப்பிப்புப் பணிகளைத் திங்கள் முதல் சனி வரை காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரை செய்யலாம். சத்தம் அதிகமுள்ள வேலைகளுக்கு வார நாள்களில் மட்டும், மாலை 5 மணி வரை. ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாளும் கூடாது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் தூக்கமும் முக்கியம்!

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

1. மூலைகளை அளந்து பார்த்தீர்களா, அல்லது 90 என்று வைத்துக்கொண்டீர்களா?
2. உள்மூலைகளைக் குடைவீர்களா, மைட்டர் வெட்டா?
3. படிக்கட்டுக் கட்டங்களின் வரைபடத்தைக் காட்ட முடியுமா?
4. எவ்வளவு இடைவெளிக்கு மேல் இருந்தால் மறுபடி வெட்டித் தருவீர்கள்?

நான்காவது கேள்வியின் பதிலை விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு நடக்கும் சண்டைகளில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

சரி, யார் சொன்னது சரி?

அங்கிள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். "சுவர் கோணல்தான். அது யார் தப்பும் இல்ல. ஆனா கோணல்னு தெரிஞ்ச அப்புறம் அளக்காம வெட்டுனது தப்பு."

குத்தகையாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்து மடித்துப் பார்த்தார். அடுத்த வாரம் வந்து வரவேற்பறை மூலையையும் படிக்கட்டுக் கட்டங்களையும் புதிதாக வெட்டிப் பொருத்தினார். தங்கை மீதிப் பணத்தைக் கொடுத்தாள்.

சுவர் இன்னும் 92 டிகிரிதான். ஆனால் மாலையில் விளக்கைப் போட்டால் அந்தக் கறுப்புக் கோடு இல்லை.

உங்கள் வீட்டிலும் வேலை தொடங்கப்போகிறதா? ரம்பம் வாங்குவதற்கும் குத்தகையாளரை அழைப்பதற்கும் முன்னால், ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போங்கள்.